கருவாட்டு உலர்த்திக்கு வெளிநாட்டு உதவி வருகிறது, என்ன கேட்டு வாங்க வேண்டும்?

கடலோரத்தாள் (ஏர்வாடி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். மகளிர் குழுவாகச் சேர்ந்து கருவாடு போடுகிறோம். நெத்திலி, சூடை, காரல், கிடைத்தால் வாளை. போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெரிய தொண்டு நிறுவனத்து ஆட்கள் வந்தார்கள். ஐரோப்பாவில் ஒரு அமைப்பு காலநிலைக்கென்று ஒதுக்கிய பணத்தில் நமக்கு சோலார் உலர்த்தியும், சோலாரில் ஓடுகிற ஐஸ் பெட்டியும் போட்டுத் தருவார்களாம். நம் குழுவை "உள்ளூர்க் கூட்டாளி" என்று போட்டு ஒரு ஒப்பந்தத் தாள் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

எனக்கு இது வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடைக்காலத்தில் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காயப்போட்ட மீனில் மழை பட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும், அப்புறம் கோழித்தீவனத்துக்குத்தான் போகும். மணலில் காய்ந்தது என்றாலே வியாபாரி முகத்தைச் சுளிக்கிறார். அதனால் உலர்த்தி எங்களுக்கு ஆடம்பரம் இல்லை, பிழைப்பு.

ஆனால் பக்கத்து ஊரில் முன்பு ஒரு திட்டத்தில் வந்த உலர்த்தி இப்போது எப்படி நிற்கிறது என்று பார்த்தேன். கூரை ஷீட் கச்சான் காற்றில் கிழிந்து தொங்குகிறது, இரும்புச் சட்டம் பொரிப்பொரியாக உரிகிறது, ஃபேன் ஓடவில்லை, உள்ளே வலையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். யாரிடம் சொல்வது என்று கேட்டால் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பணம் யார் கணக்கில் இருக்கும், பொருள் யாருடையது, பழுதானால் யார் பார்ப்பார்கள், இதெல்லாம் அந்தத் தாளில் ஒரு வரி கூட இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய களப்பணியாளர் (ராமநாதபுரம்)

தங்கச்சி, கையெழுத்துக்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

இந்தக் கரைக்கு வெளிநாட்டுப் பணம் புதிதில்லை. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989இல் அறிவிக்கப்பட்டது. 2002 வாக்கில் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் பணத்தில், ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வழியாக, இங்கே ஒரு பெரிய திட்டம் தொடங்கி சுமார் பத்து வருடம் நடந்தது. அதற்கென்றே ராமநாதபுரத்தில் ஒரு அறக்கட்டளை ஏற்படுத்தினார்கள். கடலோர ஊர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைத்து, மாற்றுத் தொழிலுக்குச் சுழல்நிதி, அதாவது குழுவுக்குள்ளேயே கடனாகச் சுற்றி வருகிற பணம், கொடுத்தார்கள். நான் அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போனவன்.

அப்போது கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பொருளாகக் கொடுத்ததில் பாதி நிற்கவில்லை. சுழல்நிதியாகக் கொடுத்தது, அதுவும் பெண்கள் குழு தன் கையால் கணக்கு எழுதிய ஊர்களில், திட்டம் முடிந்த பிறகும் ஓடியது. வட்டிக்காரரிடம் போகாமல் வலை வாங்கினார்கள், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினார்கள். கணக்கு நோட்டை வெளியூர் ஆள் எழுதிய இடத்தில், அந்த ஆள் வேலையை விட்டுப் போனதும் குழுவும் போய்விட்டது. பணம் ஒன்றுதான், திட்டம் ஒன்றுதான். நோட்டு யார் கையில் இருந்தது என்பதுதான் வேறுபாடு. உங்கள் குழுவில் நோட்டு யார் எழுதுகிறார்கள்?

கடலோரத்தாள்

நானும் இன்னொரு பெண்ணும்தான் எழுதுகிறோம் அண்ணே. வங்கிக் கணக்கு குழு பெயரில் இருக்கிறது. அப்படியானால் பணத்தை நேராக எங்கள் கணக்குக்கே அனுப்பச் சொல்லலாமா? சென்னைக்காரர்களிடம் கேட்டதற்கு "சட்டம் இடம் தராது" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள்.

கணக்குப்பிள்ளை (பரமக்குடி)

அவர்கள் சொன்னது சரிதான், ஆனால் காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை, எஃப்.சி.ஆர்.ஏ. என்பார்களே, அதை 2020இல் திருத்தினார்கள். அதற்கு முன்னால், பதிவுபெற்ற பெரிய நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி, அதே பதிவு வைத்திருக்கிற சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. இப்போது அந்த வழியே அடைபட்டுவிட்டது. வாங்குகிற நிறுவனம்தான் செலவு செய்ய வேண்டும், வேறு எந்த அமைப்புக்கும் மாற்றக்கூடாது. பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்ததை 20 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

நீங்களே பதிவு வாங்க வேண்டுமானால் அமைப்பு தொடங்கி 3 வருடம் ஆகியிருக்க வேண்டும், கடந்த 3 நிதியாண்டில் 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காகச் செலவு செய்து காட்ட வேண்டும். கருவாடு போடுகிற குழு இதற்கு எங்கே போகும்? "முன் அனுமதி" என்று இன்னொரு வழி உண்டு. குறிப்பிட்ட ஒரு கொடையாளர், குறிப்பிட்ட ஒரு வேலை, குறிப்பிட்ட தொகை என்று கடிதத்தோடு உள்துறை அமைச்சகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவும் ஒழுங்கான தணிக்கையும் வேண்டும்.

இது சின்னக் குழுக்களுக்கு அநியாயம் என்பதுதான் என் கருத்து, அதை வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆனாலும் இருக்கிற சட்டத்துக்குள்ளேயே நீங்கள் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அவர்களே பொருள் வாங்கி நிறுவட்டும். ஆனால் என்ன விலைக்கு, யாரிடம் வாங்குகிறார்கள் என்ற கொட்டேஷனை உங்களுக்குக் காட்ட வேண்டும். திட்டம் முடிகிற தேதியில் அந்தப் பொருள் யார் பெயருக்கு, எந்தத் தாளில் மாறும் என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள். பிறகு பார்க்கலாம் என்று சொன்னால் கையெழுத்து வேண்டாம்.

பாம்பன் விசைப்படகு

எனக்கு இந்தக் காலநிலை நிதி என்ற பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சோலார் போட்டார்கள். உலகத்திலேயே பெரியது என்று அப்போது பேசினார்கள். கம்பி வழியாக வெளியே போகிறது கரண்ட். நம் ஐஸ் பிளாண்ட் கரண்ட் பில் குறைந்ததா? இப்போது கடலுக்குள் காற்றாலை என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஆய்வு நடந்தது, 2021இல் டென்மார்க் அமைச்சர் வந்து முதலமைச்சரிடம் மன்னார் வளைகுடாவைப் பற்றிப் பேசினார், 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து 1,000 மெகாவாட்டுக்கு 7,453 கோடி ஒதுக்கியது. இதில் எந்த இடத்தில் மீனவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து இந்த மீன்பிடிப் பாடு யாருடையது, எந்த மாதம் எங்கே வலை விடுகிறாய் என்று கேட்டார்கள்?

உதவி என்ற பெயரில் கடனைக் கட்டுவதும் நமக்குத் தெரியும். 2017இல் இழுவைப் படகை விட்டுவிட்டு ஆழ்கடல் சூரைப் படகுக்குப் போ என்றார்கள். ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம், மீனவன் 10, மீதி 20 வங்கிக் கடன். அந்த 20 சதவீதம் 16 லட்சம். சூரை கிடைக்காத மாதம் தவணையை யார் கட்டுவது? எங்கள் பக்கத்தில் அந்தப் படகை வாங்கிவிட்டுத் தூக்கம் போனவர்களைத் தெரியும்.

கடலோரத்தாள்

அண்ணே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் காற்றாலையையும் கருவாட்டு உலர்த்தியையும் ஒரே கூடையில் போட்டால் எங்களுக்கு அங்கே நியாயமும் கிடைக்காது, இங்கே உலர்த்தியும் கிடைக்காது. காற்றாலை விஷயத்தில் மீனவர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கேட்க வேண்டும், நாங்களும் வருகிறோம். இங்கே நான் கேட்பது, சின்னதாக ஒரு பணம் கை நீட்டும்போது அதை எப்படிக் கெட்டியாகப் பிடிப்பது என்பதைத்தான்.

கடனா மானியமா என்று நீங்கள் சொன்னது மட்டும் மனதில் பதிந்துவிட்டது. ஒப்பந்தத்தில் "பயனாளி பங்களிப்பு" என்று ஒரு சொல் இருக்கிறது, எவ்வளவு என்று இல்லை. நாளைக்கு அதையே கடனாக மாற்றிவிட்டால்?

பழைய களப்பணியாளர்

மாற்றக் கூடும், அதனால் தொகையை எண்ணிலும் எழுத்திலும் போடச் சொல்லுங்கள். உழைப்பாகத் தரலாமா, பணமாகத்தான் தர வேண்டுமா என்பதையும் போடச் சொல்லுங்கள்.

பாம்பன் தம்பி சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. 2009இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் 2020க்குள் வருடத்துக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்றார்கள். 2022இல்தான் அந்த அளவைத் தாண்டினார்கள், 11,590 கோடி டாலர். அதிலும் அரசுகள் வழியாக வந்ததில் பெரும்பங்கு கடன்தான். நம்மைப் போன்ற கரைகளுக்குத் தேவையான தகவமைப்புக்கு, அதாவது மாறுகிற காலநிலையைத் தாங்கிப் பிழைப்பதற்கு, போனது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2024இல் பாகுவில் புது இலக்கு வைத்தார்கள், 2035க்குள் வருடத்துக்கு 30,000 கோடி டாலர். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பசுமைக் காலநிலை நிதியம் இந்தியக் கடலோர மக்களுக்கென்று 4.34 கோடி டாலர் கொடுத்த திட்டம் ஒன்று உண்டு. அதில் ஆந்திரா, மகாராஷ்டிரா, ஒடிசா மூன்றுதான், தமிழ்நாடு இல்லை.

பாசிக்காரி (மண்டபம் பக்கம்)

நான் கடல்பாசி எடுக்கப் போகிறவள். டைப் பண்ணுவது என் மகள்.

2015இல் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு அமெரிக்காவில் இருக்கிற சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது, 10,000 டாலர். கடலில் இறங்கிப் பாசி எடுக்கிற பெண் ஒருத்தி அங்கே மேடையில் நின்றாள். எங்களுக்கு அது சாதாரணமாகப் படவில்லை. எங்கள் பேச்சை வெளியே ஒருவர் கேட்டார் என்று நெஞ்சு நிறைந்தது. அதனால் வெளிநாட்டுக்காரர் என்றாலே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கப்பாபைகஸ் பாசி இருக்கிறதே, கயிற்றில் கட்டி வளர்ப்பது, அது நம் கடலுடைய பாசி கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவந்தது. பெரிய கம்பெனி வந்து மண்டபம் பக்கம் ஒப்பந்தத்துக்கு வளர்க்கச் சொன்னது, பெண்கள் கையில் காசு வந்தது, அது பொய்யில்லை. அப்புறம் அதே பாசி குருசடைத் தீவுப் பவளத்தில் ஏறிப் படர்ந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். தலைக்கு மேலே போர்வை போட்டால் பவளம் எப்படி மூச்சு விடும்? வருகிற பொருள் நம் கடலை என்ன செய்யும் என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது ஊர். உங்கள் உலர்த்தி கரையில் நிற்பது, கடலுக்குள் இறங்கவில்லை, சரி. ஆனால் உப்புத் தண்ணீரை எங்கே விடுவீர்கள், ஐஸ் பெட்டி பழுதானால் அதன் பேட்டரியை எங்கே போடுவீர்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, படம் எடுக்க வருவார்கள், கேள்வித்தாள் நிரப்புவார்கள். எங்கள் ஊரில் எத்தனையோ பேர் நிரப்பிக்கொண்டு போனார்கள், என்ன தெரிந்துகொண்டார்கள் என்று ஒருவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. ரிப்போர்ட்டைத் தமிழில் ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள் தாயி.

உச்சிப்புளி சோலார்

நான் சோலார் நிறுவுகிற வேலையில் இருக்கிறேன். பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் நம் கரையில் பாதித் திட்டங்கள் சாவது உப்பால்தான்.

அக்கா, அந்தப் பக்கத்து ஊர் உலர்த்தியில் பொரிந்தது சாதாரண இரும்பில் பெயின்ட் அடித்த சட்டமாக இருக்கும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது தாங்காது. சட்டம் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜி.ஐ. ஆக இருக்க வேண்டும். மேலே ஸ்ப்ரே பண்ணியது வேண்டாம். வெல்டிங் எல்லாம் முக்குவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும், இங்கே வந்து துளை போட்டாலோ வெல்டிங் வைத்தாலோ அந்த இடத்திலிருந்துதான் துரு ஆரம்பிக்கும். நட்டு போல்ட்டும் மீன் படுகிற தட்டுகளும் ஸ்டெயின்லெஸ், அதிலும் 316 ரகம் கேளுங்கள், 304 கொஞ்சம் மலிவு, ஆனால் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

ஃபேனுக்கு பேட்டரியே வேண்டாம். பேனலிலிருந்து நேராக ஓடுகிற டி.சி. ஃபேன் போட்டால் வெயில் ஏற ஏறத் தானாக வேகம் கூடும், அதுதான் உலர்த்திக்கும் தேவை. பேட்டரி ஒன்று குறைந்தால் பழுதாகிற பொருள் ஒன்று குறைந்தது. ஐஸ் பெட்டி வேறு கதை, அதற்கு ராத்திரியும் கரண்ட் வேண்டும், பேட்டரி வேண்டும், சில வருடத்தில் மாற்ற வேண்டும், அந்தக் காசு பெரிய காசு. கூரைக்குப் போடுகிற யூவி ஷீட்டும் மாற்ற வேண்டிய பொருள்தான், கச்சான் அடிக்கிற பக்கம் முதலில் போகும், ஒரு சுருள் உதிரியாக இப்போதே வாங்கித் தரச் சொல்லுங்கள். பேனலில் உப்பும் கடற்காகம் எச்சமும் படியும், நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். அந்தத் தண்ணீருக்கு உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்றும் யோசியுங்கள். நம் மாவட்டத்தில் குடிக்கவே தண்ணீர் வாங்குகிறோம்.

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்குமே, அதை வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அது வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். குழுவின் ஷெட்டுக்கு வராது.

கீழக்கரையான் (துபாய்)

அஸ்ஸலாமு அலைக்கும். படித்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வசூல் பண்ணி அனுப்பிப் பழக்கம். அந்தப் பேட்டரி, ஷீட் இந்த மாதிரி பராமரிப்புச் செலவுக்கு நாங்கள் சேர்ந்து கொடுத்தால் என்ன? அது வெளிநாட்டுப் பணம் என்று பிடித்துக்கொள்வார்களா?

கணக்குப்பிள்ளை (பரமக்குடி)

காக்கா (அண்ணே), நல்ல கேள்வி. இந்தியக் குடிமகனாக இருந்து வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது அந்தச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் போதும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் இங்கே பிறந்தவராக இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அங்கே இருக்கிற கம்பெனி பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ அனுப்பினாலும் அப்படித்தான். அதனால் வசூல் பண்ணி ஒருவர் பெயரில் மொத்தமாக அனுப்பாதீர்கள். ஒவ்வொருவரும் தன் கணக்கிலிருந்து அனுப்பட்டும், பாஸ்போர்ட் நகலைக் குழு ஃபைலில் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னும் இரண்டு கதவு திறந்திருக்கிறது. ஐ.நா. அமைப்புகளும் உலக வங்கியும் அந்தச் சட்டத்தில் வெளிநாட்டு மூலமாகக் கருதப்படுவதில்லை. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடத்துகிற சிறு மானியத் திட்டம் 1992 முதல் இருக்கிறது, பெரும்பாலும் 50,000 டாலருக்குள், ஊர் அளவிலான அமைப்புகளுக்கென்றே. அதேபோல, நீங்கள் கருவாட்டை வெளிநாட்டுக்காரருக்கு விற்று விலை வாங்கினால் அது வியாபாரம், நன்கொடை இல்லை. காக்கா ஊர்க்காரர்கள் அங்கே கருவாடு வாங்கவும் செய்யலாமே.

கீழக்கரையான் (துபாய்)

சுத்தமாக, மணல் இல்லாமல், பாக்கெட் போட்டுத் தந்தால் இங்கே விற்றுப்போகும், அதில் சந்தேகமே வேண்டாம். ஏற்றுமதி லைசென்ஸ் இருக்கிற ஆள் வழியாகப் போக வேண்டும், அதை விசாரித்துச் சொல்கிறேன். பராமரிப்புக்கு முதலில் நான் போடுகிறேன், இன்ஷா அல்லாஹ் மற்றவர்களிடமும் பேசுகிறேன்.

பாம்பன் விசைப்படகு

சரி, ஒன்று கேட்கிறேன். 2023 பட்ஜெட்டில் நெய்தல் மீட்சி இயக்கம் என்று உலக வங்கி உதவியோடு 2,000 கோடி சொன்னார்களே, அதில் இந்த மாதிரிக் குழுக்களுக்கு இடம் இல்லையா?

பழைய களப்பணியாளர்

அது அரசு வழியாக வருகிற பணம் தம்பி, கடலரிப்பு, அலையாத்தி, பல்லுயிர், கடலோர மக்கள் வாழ்வாதாரம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. குழுவாகப் போய் நேரில் மனு கொடுக்கலாம். தொண்டிப் பக்கம் காரங்காட்டைப் போய்ப் பாருங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுவதை வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். துறை வழியாக வந்தாலும் ஊர் கையில் வேலை இருக்க முடியும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. அதனால் கோபத்தை விட வேண்டாம், அந்தக் கோபத்தோடு கூட்டத்தில் போய் உட்காருங்கள்.

கடலோரத்தாள்

நேற்று ராத்திரி குழுவில் எல்லாரையும் உட்காரவைத்து இந்த இழையை முழுக்கப் படித்துக் காட்டினேன். நிறையப் பேசினோம், சண்டையும் வந்தது. ஐஸ் பெட்டியை விட மனசில்லாதவர்கள் இருந்தார்கள்.

கடைசியில் முடிவு பண்ணியது: முதலில் உலர்த்தி மட்டும். சட்டம், தட்டு, ஃபேன் எல்லாம் உச்சிப்புளித் தம்பி சொன்ன ரகத்தில், கொட்டேஷனை எங்களுக்குக் காட்டிய பிறகு. எங்கள் பங்களிப்பு இடம் தருவதும் அடித்தளத்துக்கு உழைப்பும், பணம் இல்லை, கடன் எந்த வடிவத்திலும் இல்லை. திட்டம் முடிகிற அன்றைக்கு உலர்த்தி குழு பெயருக்கு எழுத்தில் மாற வேண்டும். விற்கிற கருவாட்டில் கிலோவுக்கு ஒரு தொகையை எடுத்துப் பராமரிப்பு என்று தனிக் கணக்கில் போடுவோம், காக்கா அனுப்புவதும் அதிலேயே சேரும், நோட்டு எங்கள் கையில். ரிப்போர்ட் தமிழில், ஊர்க் கூட்டத்தில், பாசிக்கார அக்கா சொன்னபடி. உப்புத் தண்ணீருக்குக் குழி எங்கே வெட்டுவது என்று இடமும் பார்த்தாகிவிட்டது. ஐஸ் பெட்டியைப் பராமரிப்புக் கணக்கில் பேட்டரிக்கான காசு சேர்ந்த பிறகு கேட்போம்.

இதையெல்லாம் தீர்மானமாக எழுதிச் சென்னைக்கு அனுப்பப் போகிறோம். எழுதிய மாதிரியில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

கணக்குப்பிள்ளை (பரமக்குடி)

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நடுவில் அவர்களுடைய பதிவு ரத்தானால், அல்லது கொடையாளர் பணத்தை நிறுத்தினால், அதுவரை நிறுவிய பொருளை எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள். தீர்மான நோட்டில் வந்திருந்த எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும், கைநாட்டு வைப்பவர்களுக்குப் படித்துக் காட்டியதாக ஒரு குறிப்பும். அசல் உங்களிடமே இருக்கட்டும், நகலை மட்டும் அனுப்புங்கள்.

கடலோரத்தாள்

சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமை அனுப்புகிறோம். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.